சொல்லாமல் எழுந்து போனவர்

"தாராவியா? பேசுவே, சரி. தமிழ் எழுதத் தெரியுமோ?"

மாட்டுங்காவில் டப்பிங் ஆபீஸ் நடத்தும் மாமி முதல் நாள் என்னிடம் கேட்டது இது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒரு காட்சியை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அவர் அப்படிக் கேட்டதில்லை.

சமீபத்தில் ஓர் இந்திப் படம் டப்பிங்குக்கு வந்தது. தாராவித் தமிழ்க் குடும்பத்தின் கதை. மகன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். துக்கம் கேட்க வரும் டிரைவரைத் தாய் மன்னிக்கிறாள், இருவரும் நண்பர்களாகிறார்கள். தமிழ் வசனம் என்று திரையில் என் பெயர் வரும். எழுத்து தெரியாத அம்மா, "எந்த எடத்துல வரும்னு கையக் காட்டுட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

என் தம்பியும் லாரியில் அடிபட்டுத்தான் போனான். ஜாமீனில் வந்த டிரைவர், ஒரு பீகார்க்காரர், எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. வாசலோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அம்மா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் தீபாவளிக்கு வருவார். அம்மா "பைட்டோ" என்று இந்தியில் உட்காரச் சொல்வாள், டீ கொடுப்பாள். மன்னிப்பு என்ற பேச்சு அவர்களுக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

படத்தில் அந்தத் தாய் டிரைவரின் கன்னத்தைத் தடவுகிறாள். வயலின் அழுகிறது. அவன் "போய்ட்டு வர்றேம்மா" என்கிறான். அவள் சிரித்து "வாப்பா" என்கிறாள். பிள்ளை செத்த வீட்டை விருந்து வீடாக்கியிருந்தார்கள்.

"மாமி, சாவு வீட்டுல போய்ட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்க. இன்னொரு சாவுக்கு வரேன்னு ஆயிடும். அவன் முதுகுதான் தெரியுது, வாயசைவே இல்ல. வசனமில்லாம விட்டுடலாம்."

"எனக்குத் தெரியாதா? எங்காத்துலயும் சொல்லமாட்டா. டைரக்டருக்கு வேணுமாம். அவ மன்னிச்சுட்டான்னு ஜனங்களுக்குப் புரியணுமாம்."

டைரக்டரிடம் போனில் நானே சொன்னேன். "உங்க குடிசை பஸ்தி ஆளுங்களுக்குப் பெரிய மனசு, அதைத்தான் காட்டறேன்" என்று இந்தியில் சிரித்தார். சாக்கடையை மிதித்த காலைப் போல அந்தச் சிரிப்பை எங்காவது தேய்த்துவிட வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அம்மாவிடம் காட்சியைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அத நீயாட்டி எழுதுன?"

"இல்லம்மா. ஆனா என் பேருல வரும்."

அம்மா தண்ணீரை வடித்தாள். "அப்ப எனக்குக் கையக் காட்டாத."

மறுநாள் சயான் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதே, படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி மாமிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்.