பின்னால் போகாத பேருந்து

க்ருதோயார்ஸ்க் நகரத்தில் வெனியமினைத் தெரியாதவன் ஒன்று நேற்றுப் பிறந்தவனாக இருக்க வேண்டும், இல்லை, ஐஸ் ஹாக்கிப் பைத்தியமாக இருக்க வேண்டும். எங்கள் 'யாகர்' கால்பந்து அணியின் பேருந்தை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டியவர். வயது அறுபத்தொன்று. ஆட்டக்காரர்களுக்கெல்லாம் 'வென்யா மாமா'. பயிற்சியாளர் மட்டும் அவருடைய அப்பா பெயரை ஒட்டி 'லுக்யானிச்' என்று கூப்பிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் மைதானத்துக்குள் போய்ப் பார்த்ததில்லை. பேருந்தில் உட்கார்ந்து வானொலியில் கேட்பார், சூரியகாந்தி விதை கொறிப்பார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை. அணி உள்ளே இருக்கும்போது அவர் வண்டி பின்னால் போனதே கிடையாது. ஒரு ஜாண்கூட. வண்டி பின்னால் போனால் அணியும் பின்னால் போகும் என்பது கணக்கு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நம் நாட்டில் எத்தனையோ அணிகளின் ஓட்டுநர்கள் இதையேதான் சொல்வார்கள், பட்டம் வாங்கிய ஆட்டக்காரன்கூட இந்த விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டான்.

அந்த சீசன் இருக்கிறதே, அதைப் போல ஒரு பாடாவதி சீசன் எதிரிக்கும் வர வேண்டாம். ஜூலையில் ஆரம்பித்தோம். முதல் ஆட்டம் டிரா. செப்டம்பர் முழுக்க உதை. அக்டோபரில் பக்கத்து மாநிலத்து ஊருக்குப் போகும்போது, சாலைப்பணி நடக்கிறது என்று வெனியமினை யாரோ ஒரு முட்டுச்சந்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் ரிவர்ஸ் போட்டு இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்திருப்பார்கள். இவர் ஒரு பண்ணையின் வேலியைக் கழற்ற வைத்து, பீட்ரூட் வயல் ஓரமாகவே பதினோரு கிலோமீட்டர் சுற்றிப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு ஜெயித்தோம். அந்த இலையுதிர் காலத்தில் கிடைத்த ஒரே வெற்றி அதுதான் என்பதால், ஊரே பீட்ரூட் கதையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது.

டிசம்பரில் பனிக்காக லீக் நின்றபோது பதினாறு அணிகளில் நாங்கள் பதினைந்தாவது. கடைசி இரண்டு இடத்தில் இருந்தால் நேராகக் கீழ் லீக்குக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மார்ச்சில், ஓரங்களில் இன்னும் பனிக்குவியல் கிடந்த மைதானத்தில், மறுபடி ஆட்டம் தொடங்கியது. தட்டுத்தடுமாறி மேலே ஏறினோம், மறுபடி சறுக்கினோம். மே மாதக் கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இப்படி: ஜெயித்தால் பிழைப்போம், இல்லாவிட்டால் பிரீமியர் லீக்குக்குக் கும்பிடு.

அன்றைக்குச் சனிக்கிழமை. நல்ல வெயில். பயிற்சி முகாமிலிருந்து அணியை ஏற்றிக்கொண்டு வெனியமின் கிளம்பினார். பாலத்துச் சாலையில் ரசிகர் கூட்டம் என்று போலீஸ் அடைத்திருந்ததால், கனாத்னயா தெருவுக்குள் வண்டியை விட்டார். ஒடுங்கலான தெரு. இரண்டு பக்கமும் கார்கள். முப்பது மீட்டர் உள்ளே போயிருப்பார், பதினான்காம் எண் அடுக்குமாடி வீட்டின் வளைவு வாசலிலிருந்து சைரன் அலற ஓர் ஆம்புலன்ஸ் வெளியே மூக்கை நீட்டியது. மூக்குக்கு மூக்காக இரண்டும் நின்றன.

ஆம்புலன்ஸ்காரன் குதித்து இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினான். அவனுக்கு நாற்பது வயது இருக்கும், கண் சிவந்திருந்தது.

"பின்னாடி எடுய்யா! முப்பது மீட்டர் பின்னாடி எடுத்தா நான் போயிருவேன்!"

"டீம் உள்ள இருக்கு" என்றார் வெனியமின்.

"என் வண்டிக்குள்ள மனுஷன் இருக்கான்யா! பக்கவாதம்! பின்னாடி எடு, பின்னாடி!"

பேருந்துக்குள் எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மாற்றுக் கோல்கீப்பர் மிரோன் எழுந்து நின்றான். முப்பது வயதுக்காரன், அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவன். "வென்யா மாமா, எடுங்க மாமா. ஒரு உயிர் மாமா" என்றான்.

"உக்காருடா! நீயா ஆடப்போற?" என்று பின் வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "உன் இஷ்டம், லுக்யானிச்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய மனுஷத்தனம்! முடிவை அடுத்தவன் தலையில் கட்டுவதற்குத்தானே சம்பளம்.

வெனியமினின் கை கியரின் மேல்தான் இருந்தது. இதை அவர் பிற்பாடு தன் மனைவியிடம் பலமுறை சொன்னார். கை கியரின் மேல் இருந்தது, போட்டிருக்கலாம், போடவில்லை. இடித்தபுளி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் காறித் துப்பிவிட்டுப் போய், தன் வண்டியைப் பின்னால் எடுத்து வளைவுக்குள் நுழைத்தான். சைரன் வீட்டு முற்றத்துக்குள் போய், அங்கேயே நின்று, அதே இடத்தில் அலறிக்கொண்டிருந்தது. அது அங்கே ஏன் நிற்கிறது என்று யோசிக்காமல் வெனியமின் வண்டியை முன்னால் விட்டார்.

எண்பத்தாறாம் நிமிஷத்தில் கோல். கார்னர் பந்து, நெரிசல், யாருடைய முதுகிலோ பட்டு உள்ளே உருண்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். வானொலியில் வர்ணனையாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் பேருந்தைச் சூழ்ந்துகொண்டு வெனியமினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. பின் வரிசைக்காரன்தான் கதையை அவிழ்த்துவிட்டான். திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. பேக்கரியில் பெண்கள், "ஆம்புலன்ஸுக்கே அசையாத ஆளு வந்துட்டாருடி!" என்று ரொட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். தலைமுடி வெட்டுகிறவன், "மாமா, எமனே எதிர்ல வந்தாலும் நீங்க ரிவர்ஸ் எடுக்க மாட்டீங்க போல!" என்று சிரித்தான். கிளப்பில் ஒரு பாராட்டுப் பத்திரம், கண்ணாடி போட்டது.

வெனியமினுக்குச் சோறு இறங்கவில்லை. எந்தச் சைரன் கேட்டாலும் வலது கை தானாக முன்னால் நீண்டு எதையோ தேடியது. பாராட்டுப் பத்திரத்தைக் குளியலறை அலமாரிக்குப் பின்னால் சொருகிவைத்தார். அவர் மனைவி ஃபைனா அதைத் துடைக்கும்போது கண்டெடுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், பேச்சில் உப்பும் காரமும் சரியாக இருக்கும்.

"என்னய்யா இது? ஊரே தூக்கி வெச்சுக் கொண்டாடுது, நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரியற?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"ஏன்யா, அந்தப் பயலுகள எல்லாம் கீழ இறக்கிவிட்டுட்டு, காலி வண்டியப் பின்னாடி எடுத்திருக்கலாமே? ரெண்டு நிமிஷ வேலை. உங்க சாங்கியமும் கெட்டிருக்காதே?"

வெனியமின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அந்தப் பேருந்தில் இருந்த முப்பது பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதார். ஃபைனா தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "அழுதா ஆச்சா? போய்ப் பாரு. இருக்கானா இல்லையான்னாவது தெரிஞ்சுக்கோ" என்றாள்.

போக மூன்று வாரம் ஆனது. இரண்டு தடவை கனாத்னயா தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். மூன்றாம் தடவை, கையில் ஒரு புட்டித் தேனோடு, பதினான்காம் எண் முற்றத்துக்குள் நுழைந்தார். பெஞ்சில் மூன்று பெண்கள். எந்த முற்றத்திலும் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போடாது.

"யாரைப் பாக்கணும்?"

"மே மாசம் ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்களே ஒருத்தர..."

"ப்ரோஹோர்! மூணாவது மாடி. பாவம், பொண்டாட்டி தோட்ட வீட்டுல உருளைக்கிழங்கு நடப் போயிருந்தா, ஆம்புலன்ஸுக்கு நாங்கதான் போன் போட்டோம். முன்வாசல்ல யாகர் பஸ்ஸு, அது நகந்ததும் பின்னாலேயே ரசிகர் காருங்க வந்து தெருவ அடைச்சிருச்சு. பின்வாசல் கம்பிக்குப் பூட்டு. சாவி வெச்சிருந்த வாட்ச்மேன் எங்க? ஆட்டம் பாக்கப் போயிட்டான்! பூட்ட உடைக்க ஒம்பது நிமிஷம். நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். அந்த டிரைவர் மட்டும் என் கையில கெடைச்சான்..."

வெனியமின் அவர்களுக்கு நன்றி சொன்னார். மூன்று மாடி ஏற அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. எப்படியும் இருக்கிறார், சாகவில்லை என்ற ஆறுதலும், ஒன்பது நிமிஷம் என்ற வார்த்தையும் சேர்ந்து அவரோடு படியேறின.

கதவைத் திறந்தவள் ப்ரோஹோரின் மனைவி ஸினாய்தா. ஒல்லியான பெண்மணி, மூக்குக்கண்ணாடி. அவருடைய நீல ஜாக்கெட்டில் இருந்த யாகர் அணியின் நங்கூரச் சின்னத்தைப் பார்த்தாள். அதை மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அது அவருக்குத் தோல் மாதிரி.

"நீங்கதான் அந்த பஸ்ஸ ஓட்டினவரா?" என்று கேட்டாள். குரல் தாழ்ந்தே இருந்தது.

"ஆமாம்மா. நான்தான். மன்னிப்புன்னு கேக்க எனக்கு வாயில்ல. அவர்கிட்ட நேர்ல சொல்லணும். சொல்லிட்டு, அவர் திட்டினாலும் அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

அவள் வாசல்படிக்கு வெளியே வந்து, கதவைப் பாதி சாத்தினாள்.

"சொல்லக் கூடாது."

"அம்மா..."

"கேளுங்க. ஒம்பது நிமிஷம் முன்னாடி போயிருந்தா பேச்சு வந்திருக்குமான்னு டாக்டரக் கேட்டேன். வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்னாரு. அது எனக்கும் உங்களுக்கும் ஆயுசுக்கும் போதும். அவருக்கு வேண்டாம். நாப்பது வருஷமா யாகர்னா உசுரு. இந்த வருஷம் தப்பிச்சுதுன்னு நான் சொன்னப்பதான் ஆஸ்பத்திரியில முதல்ல கண்ணத் தொறந்து பாத்தாரு. தன்னைத் தடுத்து நிறுத்தினதே யாகர் பஸ்தான்னு அவருக்குத் தெரியாது. தெரிய விடமாட்டேன். அந்த ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, அதையும் புடுங்கிட்டுப் போகாதீங்க."

"அப்ப நான் எதுக்கும்மா வந்தேன்?"

"வந்துட்டீங்கல்ல, உள்ள வாங்க. யாகர் ஆளப் பாத்தா சந்தோஷப்படுவாரு."

ஜன்னலோரக் கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து ப்ரோஹோர் சாய்ந்திருந்தார். பெரிய உடம்புக்காரர், வலது கை ஒரு சின்னத் தலையணைமேல் கிடந்தது. கட்டில் தலைமாட்டில் நீலக் கழுத்துத்துண்டு. அவர் ஜாக்கெட்டின் நங்கூரத்தைப் பார்த்தார். முகத்தின் இடது பாதி முழுக்கச் சிரிப்பு வந்தது.

"பின்னாடி!" என்றார்.

வெனியமின் கதவைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. அவருக்கு இப்ப அந்த ஒரு வார்த்தைதான்" என்றாள் ஸினாய்தா. "தண்ணி வேணும்னாலும் பின்னாடிதான், காலையில என்னைப் பாத்தாலும் பின்னாடிதான். இத்தனை வார்த்தையில இது மட்டும் எப்படி ஒட்டிக்கிச்சுன்னு டாக்டருக்கும் புரியல. நாங்க யாரும் வீட்டுல அப்படிப் பேசினதுகூட இல்ல."

வெனியமினுக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குள் படுத்திருந்த மனுஷன் காதில் கடைசியாகத் தெளிவாக விழுந்தது எது என்று அந்த அறையில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். சிவந்த கண்ணோடு ஜன்னலைத் தட்டிக் கத்தியவனின் குரல் அது. தான் கேட்காமல் விட்ட வார்த்தையை இந்த மனுஷன் தன் நாக்கில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. ஸினாய்தா கட்டிலுக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தேன் புட்டியை மேசையில் வைத்தார்.

"பின்னாடி?" என்று கேட்டார் ப்ரோஹோர். இடது கையால் காற்றில் ஒரு பந்தை உருட்டிக் காட்டினார்.

"கோல் எப்படி விழுந்துச்சுன்னு கேக்கறாரு" என்றாள் ஸினாய்தா. "நீங்க நேர்ல பாத்திருப்பீங்கன்னு நெனைக்கறாரு."

வெனியமின் அந்தக் கோலைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு விஷயம்தான், அதைச் சொல்ல அனுமதி இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எண்பத்தாறாம் நிமிஷம், இடது மூலையிலிருந்து கார்னர், பெனால்டி பெட்டிக்குள் நெரிசல், முதுகில் பட்டது, உருண்டது, கோல்கீப்பர் பாய்ந்தான், எட்டவில்லை என்று வானொலியில் கேட்டதைப் பார்த்ததுபோலச் சொன்னார். ப்ரோஹோரின் நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் போனது.

"பின்னாடி" என்றார் ப்ரோஹோர், கெஞ்சுகிற மாதிரி.

"இன்னொரு தடவ சொல்லணுமாம்" என்றாள் ஸினாய்தா.

வெனியமின் கார்னரிலிருந்து மறுபடி தொடங்கினார்.