முன்வாசலில் சப்பாத்து, பின்வாசலில் கிணறு

1. ஹாஜியாரின் புத்திமதி

வீட்டுப் பராமரிப்புச் சேவையைத் தொடங்கிய முதல் நாள், எங்கள் சங்கத் தலைவர் ஹாஜியார் பெண்களையெல்லாம் கூப்பிட்டு இருத்திப் புத்திமதி சொன்னார். புத்தளத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். கடையில் போடுகிற சத்தத்தில்தான் எங்கேயும் பேசுவார்.

"புள்ளயள், நீங்க போறது நோயாளி இரிக்கிற வூடு. அங்க ஒழுங்கு, சுத்தம் எல்லாம் முன்னப் பின்னத்தான் இரிக்கும். குறை காணாதீங்க. தேத்தண்ணி தந்தா மறுக்காமக் குடிங்க. அந்த வூட்டுக் கதை அந்த வூட்டோட. வெளிய வரக்கொள்ள வாயப் பூட்டிட்டு வாங்க."

எல்லோரும் தலையாட்டினோம். ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்து ஓய்வுபெற்றிருந்த என்னை மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள். எனக்கும் அது நல்ல வார்த்தையாகவே பட்டது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள்தானே நாங்கள்.

வேலை என்னவென்றால், எழும்ப முடியாமல் கிடக்கும் பெண்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது, கொஞ்சம் நடக்கவைப்பது. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பாதை நெடுக எங்களுக்கு வீடுகள் இருந்தன. பஸ்ஸில் இறங்கி, மணலில் நடந்து, வெங்காயத் தோட்டங்களுக்குள்ளால் போகவேண்டும். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஆட்டோவும் கைபேசியும் இருக்கின்றன. சந்தோஷம். ஆனால் ஹாஜியாரின் அந்தப் புத்திமதி எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. வழுக்காத சப்பாத்து

கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். லிஃப்டிங், ட்ரான்ஸ்ஃபர், இன்ஃபெக்‌ஷன் என்று பலதும் சொல்லித்தந்தார். நோயாளியின் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பெல்ட்டை எப்படிப் பாவிப்பது என்று காட்டினார். ஈரத்தில் வெறுங்காலோடு யாரையும் தூக்கக்கூடாது என்றார். விழாமல் தப்பினாலும் வந்து சொல்லவேண்டும், அதற்கு நியர் மிஸ் என்று பெயர், நியர் மிஸ்ஸைச் சொன்னால்தான் அடுத்த ஆள் விழமாட்டாள் என்றார்.

ஹாஜியார் உடனே எல்லோருக்கும் வழுக்காத சப்பாத்து வாங்கிக்கொடுத்தார். கறுப்பு நிறம், தடித்த அடி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை, அதாவது அல்லாஹ்விடம் பொறுப்பை விடு, என்ற நபிமொழியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒஃபிஸ் சுவரிலும் மாட்டினார்.

நஸீரா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு நடந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ராத்தா, இதப் போட்டா நான் நோயாளி பாக்கப் போறனா, உப்பு மூட்ட ஏத்தப் போறனா எண்டு எனக்கே வெளங்குதில்ல."

அவள் அப்படித்தான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டிய காலத்தில் மன்னாரை விட்டு வந்த குடும்பம், பாலாவிப் பக்கம் வீடு. எங்கள் பெண்களில் கை பலமும் வாய் பலமும் அவளுக்குத்தான் அதிகம். மூத்த சகோதரி என்ற உரிமையில் என்னை ராத்தா என்று கூப்பிட்டு எல்லாப் பகிடியும் விடுவாள்.

சப்பாத்துகளை எல்லோரும் போட்டார்கள். போட்டுக்கொண்டு வீட்டு வாசல்வரை போனார்கள். அங்கே கழற்றி, இரண்டையும் சேர்த்து, முனை வெளியே பார்க்க ஒழுங்காக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். தொழுகிற வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? பார்வையிடப் போகிற நானும் அவற்றுக்குப் பக்கத்தில் என் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன். வழுக்காத சப்பாத்து வழுக்காத வாசலில் பத்திரமாக இருக்கும். அதைப் பார்த்து, பிள்ளைகள் சொன்ன சொல் கேட்டுச் சப்பாத்துப் போடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். நினைத்தால் இப்போது எரிச்சல் வருகிறது.

ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன். "யாராச்சும் சறுக்கின, விழப்போன கதை இரிக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல ராத்தா."

எங்கள் சேவையில் ஒரு விபத்தும் இல்லை என்று ஹாஜியார் மேடைகளில் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

3. கிணற்றடி

சுபைதா உம்மா ஒரு காலத்தில் கற்பிட்டியில் கருவாடு வாங்கி விற்றவர். வாட்டசாட்டமான பெண். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகள் ரிஸ்மியாதான் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு முதலில் ஃபர்ஸானா என்ற பிள்ளை போய்வந்தாள். அவள் பிள்ளைப்பேற்றுக்கு நின்றபோது நஸீராவை அனுப்பினேன்.

சுபைதா உம்மாவைக் கிணற்றடியில்தான் குளிப்பாட்டுவார்கள். அறையிலிருந்து பெல்ட்டைப் பிடித்தபடி மெல்ல நடத்தி, மண்டபம், குசினி கடந்து, பின்வாசலால் இறங்கி, கிணற்றடியில் போட்டிருக்கும் கதிரையில் இருத்தவேண்டும். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தரை. எப்போதும் ஈரம், ஓரமெல்லாம் பாசி. அங்கே ஒருமுறை நானும் நின்று பார்த்திருக்கிறேன். சப்பாத்து முன்வாசலில் இருந்தது. நோயாளியைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடிப்போய் அதை எடுத்துவர யாராலும் முடியாது.

அன்று காலையில் ஒஃபிஸ் தொலைபேசிக்கு ரிஸ்மியாவின் அழைப்பு வந்தது. "ராத்தா, ஓடி வாங்க. நஸீரா வுழுந்துட்டா. எழும்ப ஏலாமக் கெடக்கா."

நான் போனபோது அக்கம்பக்கத்தார் அவளைப் பலகையில் வைத்துத் தூக்கிவந்து மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். கால் வழுக்கியதும் பெல்ட்டை விட்டிருந்தால் அவள் தப்பியிருப்பாள். விடவில்லை. சுபைதா உம்மாவைத் தன் பக்கம் இழுத்து, தான் கீழே விழுந்து, அவரைத் தன் மேல் விழவைத்திருக்கிறாள். சுபைதா உம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அறைக்குள்ளிருந்து அவர் அழுகிற சத்தம் கேட்டது.

நஸீராவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "அவங்களுக்கு ஒண்டுமில்லயே ராத்தா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஆட்டோ சரிவராது, அம்புலன்ஸ் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் பாதையைப் பார்க்க வெளியே வந்தேன். வாசலில் அந்தச் சப்பாத்துகள் இருந்தன. முனை வெளியே பார்க்க, ஈரம் படாமல், புதுசு மாதிரி. அவற்றை எடுத்துக்கொண்டு அம்புலன்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்று சொல்லும்வரை அவை என் மடியில்தான் கிடந்தன.

4. பாராட்டு

சத்திர சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். இனிமேல் பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, நிலத்தில் இருக்கக்கூடாது என்றார் டொக்டர். வேலை போனது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் ஹாஜியார் எழும்பிக் கண் கலங்கப் பேசினார். "தன்ட உசிரப் பாக்காம நோயாளியக் காப்பாத்தின புள்ள. இப்பிடி ஒரு தியாகத்த நான் கண்டதில்ல. அவட பேரச் செல்லி நாம ஒரு பாராட்டு விழா வெக்கோணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஹாஜியாரை மறித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஹாஜியார், விழா வேணாம். வுழுந்தவள இண்டைக்குப் புகழ்ந்தா, நாளைக்கு இன்னொருத்தி வுழுறது நன்மையெண்டு நெனச்சிட்டு வுழுவா. அவ ஏன் வுழுந்தாண்டு கதைப்பம்."

கைக்குழந்தையோடு வந்திருந்த ஃபர்ஸானா தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "ராத்தா, நானும் அந்தக் கிணத்தடியில சறுக்கின. வயித்துல புள்ளயோட. கப்பியப் புடிச்சித் தப்பின."

இடையில் ஒருநாள் அந்த வீட்டுக்கு அவளுக்குப் பதிலாகப் போன இன்னொரு பிள்ளையும் தானும் சறுக்கியதாகச் சொன்னாள்.

"ஏன்டி எனக்கிட்டச் செல்லல்ல?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

ஃபர்ஸானா அழுதாள். "அந்த வூட்டுச் சோத்தத் திண்டுட்டு, அங்க பாசி புடிச்சிரிக்கி, வழுக்குது எண்டு எப்பிடி ராத்தா வெளிய வந்து செல்ற? ரிஸ்மியாப் புள்ளயும் ஒத்தயா நிண்டு எவ்வளவெண்டுதான் பாக்கும்?"

நஸீராவிடம் அந்த வீட்டைப் பாரங்கொடுத்தபோது ஃபர்ஸானா எல்லாம் சொல்லியிருக்கிறாள். சுபைதா உம்மாவுக்குத் தேத்தண்ணியில் எவ்வளவு சீனி, எந்தப் பக்கம் சரித்துப் படுக்கவைத்தால் நித்திரை வரும், எந்தப் பேரப்பிள்ளையின் பேரைச் சொன்னால் சிரிப்பார் என்பதுவரை. கிணற்றடியை மட்டும் சொல்லவில்லை.

ஹாஜியார் தனக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில், "வாயப் பூட்டச் சொன்னது நான்தானே," என்றார்.

5. யாருக்கும் வேண்டாத குளிப்பு

ரிஸ்மியாவின் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போலத் தேத்தண்ணி ஊற்றிவந்தாள். "அதக் கீழ வெய்யி புள்ள, முதல்ல ஒரு கதை இரிக்கி," என்றேன். அந்த வீட்டில் தேத்தண்ணியை மறித்துவிட்டுப் பேசியது அன்றுதான்.

"உம்மாவ இனிக் கிணத்தடிக்குக் கொண்டுபோக ஏலா, ரிஸ்மியா. ஒங்களுக்கு அதுதான் விருப்பமெண்டு தெரியும்..."

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "எங்களுக்கா? எங்களுக்கு என்ன விருப்பம் ராத்தா? உம்மாவுக்குக் கிணத்தடிதான் பழக்கமெண்டு மொத நாள் நான் ஒரு பேச்சுக்குச் சொன்ன. அடுத்த நாளே ஃபர்ஸானா அங்க கூட்டிட்டுப் போன. சங்கத்து ஆக்கள் படிச்சிட்டு வந்தவங்க, அப்பிடித்தான் செய்யோணுமாக்குமெண்டு நாங்க பேசாம இருந்த. அந்தச் சீமெந்துல வெறுங்காலோட போறாங்களேண்டு ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம். வேல தெரிஞ்ச ஆளுக்கு நான் என்ன செல்ற?"

அறைக்குள்ளிருந்து சுபைதா உம்மா குழறிக் குழறிச் சொன்னார். "எனக்கும் அங்க... குளிர் மகள்."

அவர்கள் மனம் நோகக்கூடாது என்று எங்கள் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி சுடுதண்ணீரும் துவாயும் இருந்தால் முடிந்திருக்கும் வேலை அது. இவ்வளவு மரியாதையான மனிதர்களுக்கு நடுவில் ஒரு பெண்ணின் இடுப்பு உடைந்துபோனது. அன்றைக்கு ரிஸ்மியாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தோம்.

6. தேத்தண்ணிக்கு முன்

ஹாஜியார் பழைய புத்திமதியைப் புரட்டிப் போட்டார். "இனிமே குறை செல்லாம எந்த வூட்டுலயும் தேத்தண்ணி குடிக்க வேணாம்," என்றார். எங்கள் பிள்ளை அந்த வீட்டில் தனக்குப் பயமான ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் எங்கள் வேலையில் தங்களுக்குப் பயமான ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் கோப்பையில் கை வைக்கலாம். பின்வாசலில் இன்னொரு சோடி சப்பாத்து, அது வீட்டுக்காரர் பொறுப்பு. கழுவி வைத்து, வேலைக்கு வருகிற பிள்ளைக்கு அவர்களே எடுத்துக்கொடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்ட வீட்டாருக்கும் முகம் சுண்டியது. போகப்போகப் பழகிவிட்டது. "வாங்க புள்ள, கெதியாக் குறையச் செல்லுங்க, தேத்தண்ணி ஆறுது," என்று வீட்டாரே பகிடி பண்ணத் தொடங்கினார்கள். வயர் உரிந்த சுவிட்ச் மாறியது, ஆடுகிற படி இறுகியது, கடிக்கிற நாய் கட்டப்பட்டது. கொழும்பில் இதற்கு சேஃப்டி கல்ச்சர் என்று பெயர் சொன்னார்கள். எங்களுக்கு அது தேத்தண்ணிக்கு முந்திய கதை. சுவரில் எழுதி மாட்டினால் வராது, வாங்கிக்கொடுத்த சப்பாத்தாலும் வராது, சங்கடமான ஒரு வார்த்தையைச் சொல்ல இடம் இருந்தால்தான் வரும் என்பது எனக்கு விளங்கியது. விளங்குவதற்கு நஸீராவின் இடுப்பு வேண்டியிருந்தது. அதுதான் என் கவலை, இன்றைக்கும் ஆறவில்லை.

7. நஸீரா வீட்டில்

போன கிழமை நஸீராவைப் பார்க்கப் போனேன். வோக்கரை ஊன்றித்தான் நடக்கிறாள். வாய் மட்டும் பழையபடி. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க ராத்தா," என்றாள் நஸீரா. "சட்டம் சட்டந்தான். இந்த வூட்டுல என்ன குறை? செல்லிட்டுக் குடிங்க."

சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். மூலையில் ஒரு கதிரை. அதில் இருந்துதான் இப்போது தொழுகிறாள். கதிரைக்கு முன்னால் நிலத்தில் அவளது முஸல்லா விரித்தபடி கிடந்தது. பாவிக்காமல் கிடந்ததில் அந்தத் தொழுகைப் பாயின் கதிரைப் பக்கத்து ஓரம் சுருண்டு மேலே எழும்பியிருந்தது.

"அந்த முஸல்லாவுல வோக்கர் தடக்கும் புள்ள."

"தெரியும் ராத்தா," என்றாள். "மடிச்சி வெக்கக் குனிய ஏலா. மகள் மடிக்க வந்தாலும் நான் விடுறல்ல. அது அங்க கெடந்தா, எண்டைக்காச்சும் ஒரு நாளைக்கு நெத்திய நெலத்துல வெச்சி சுஜூது செய்யலாமெண்டு ஒரு நெனப்பு."

மடித்து அலுமாரியில் வை என்று சொல்வதுதான் முறை. மேற்பார்வைக்குப் போன எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இங்கே எழும்பிப்போய்க் குனிந்து, சுருண்ட ஓரத்தைக் கையால் நீவி, கதிரையின் முன்கால்களை அதன்மேல் தூக்கி வைத்தேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

நஸீரா நான் குனிந்து நிமிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இப்பக் குடிங்க ராத்தா," என்றாள்.