இரண்டு சுற்று

காலை ஐந்து நாற்பத்து மூன்று. ஸ்கேட்பார்க் வாசலில் இருந்த விளக்கு அப்போதுதான் அணைந்தது. அவள் கைபேசியை எடுத்து மணி பார்த்தாள். அதனால் நேரத்தில் சந்தேகமே இல்லை.

மற்றதிலும் இல்லை. இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் இல்லை அவள். பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கால் மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொண்டவரின் வாயே காட்டிக்கொடுத்துவிடும். அளவு விஷயத்தில் அவள் தவறியதே இல்லை.

ஒரே ஒரு தரம் தவிர. அந்த ஒரு தரத்தால்தான் தம்பி செத்தான் என்று பதினான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே ஒரு லாங்போர்டு. ஏறி நின்று உருட்டிக்கொண்டு போகிற சக்கரப் பலகை, ஸ்கேட்போர்டைவிட நீளம். சக்கரங்கள் பெரியவை, மெத்தென்றவை. ஸ்கேட்போர்டு கடகடவென்று தெருவையே எழுப்பும். லாங்போர்டு 'ம்ம்ம்...' என்று முனகிக்கொண்டு போகும்.

பலகைக்கு அடியில் இரண்டு அச்சு. அச்சுக்கு ஒரு நட்டு. நட்டைத் தளர்த்தினால் கால் லேசாகச் சாய்ந்தாலே பலகை வளைந்து திரும்பும். அவளுக்கு அதுதான் பிடிக்கும். ஸ்கேட்பார்க்கில் மெதுவாக வட்டம் போடுவாள். தம்பிக்கு மலைச்சாலை வேண்டும். இறக்கத்தில் வேகம் ஏறும்போது நட்டு தளர்ந்திருந்தால் பலகை உதறும். உதற ஆரம்பித்தால் அப்புறம் யார் சொன்னாலும் கேட்காது. எனவே அவனுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

இருவருக்கும் வித்தியாசம் சரியாக இரண்டு சுற்று.

அதனால் வீட்டில் ஒரு வழக்கம். கடைசியாக ஓட்டியவர், அடுத்தவருக்கு ஏற்றபடி நட்டை வைத்துவிட்டுத்தான் பலகையைச் சுவரில் சாத்த வேண்டும். அவள் ஓட்டினால் இரண்டு சுற்று இறுக்கி வைப்பாள். அவன் ஓட்டினால் இரண்டு சுற்று தளர்த்தி வைப்பான்.

"உனக்கெல்லாம் போர்டு எதுக்குக்கா? ஒரு ஊஞ்சல் வாங்கிக்கோ."

"உனக்குத்தான்டா பிரேக் வாங்கணும். முதல்ல வாய்க்கு."

ஐந்து வருடம் இப்படியே போனது. ஒருவரும் மறந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் பார்க்கிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே வேலை பார்க்கும் கூடத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் ஊருக்குப் போகிற ஒரு பெரியவரின் பல் செட் விரிசல் விட்டுவிட்டது, உடனே வா என்றார்கள். பலகையைச் சுவரில் சாத்திவிட்டு ஓடினாள். திரும்பும்போது இரவு பதினொன்றரை. படுத்தாள். தூங்கிப்போனாள்.

தம்பி விடிகாலை ஐந்து மணிக்குப் பலகையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினான். ஏழு பத்துக்குச் செய்தி வந்தது. கேட்டதும் அவள் அழவில்லை. வலது கை மட்டும் தானாக மடங்கியது, ஸ்பேனரைப் பிடிப்பதுபோல.

ஒரு வாரம் கழித்து ஒட்டடைக்குச்சி பலகையைக் கொண்டுவந்து கொடுத்தான். பட்டப்பெயர்தான் அது; தம்பியின் சிநேகிதன் அவன். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்பதே கிடையாது. அன்றைக்கு மலையில் கூட இருந்தவன். அம்மா பலகையை யாரையும் பார்க்க விடவில்லை. பழைய போர்வையில் சுற்றி, நாலு பக்கமும் ஊசியால் தைத்து, பரணில் படுக்கவைத்துவிட்டாள்.

பதினான்கு மாதம் கழித்து அம்மாவே சொன்னாள்.

"அதை அந்தப் பையன்கிட்டயே குடுத்துடும்மா. மேல ஆள் படுத்திருக்கிற மாதிரியே இருக்கு."

"நாளைக்கே குடுத்துடறேன்மா."

"நீ ஏறாத."

"ஏறல."

அன்று இரவு பத்து இருபதுக்குத் தையலைப் பிரித்தாள். பலகையை நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போர்வைக்குள் கைவிட்டு அடிப்பக்கத்தைத் தடவினாள். முதலில் முன் நட்டு, பிறகு பின் நட்டு. ஸ்பேனரை வைத்துப் பார்த்தாள்.

இரண்டும் தளர்ந்திருந்தன. சரியாக இரண்டு சுற்று.

இத்தனை நாள் அது சந்தேகமாகத்தான் இருந்தது. புறப்படும்போது அவனே கவனித்து இறுக்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள ஒரு சந்து இருந்தது. அதுவும் அடைபட்டுவிட்டது. அம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று போர்வையின் முனையைக் கடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு நட்டையும் இறுக்கிவைத்தாள். பதினான்கு மாதம் தாமதமாக.

மறுநாள் ஒட்டடைக்குச்சியை ஒன்பது மணிக்கு ஸ்கேட்பார்க்குக்கு வரச்சொல்லியிருந்தாள். கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சுற்று ஓட்ட வேண்டும். விடிகாலையில் போனால் பார்க்கில் ஆள் இருக்காது. மற்ற நேரத்தில் ஸ்கேட்போர்டுப் பையன்கள் சும்மா விடமாட்டார்கள். "அக்கா கட்டிலைத் தூக்கிட்டு வந்துட்டாங்கடா!" என்று கத்துவார்கள். "தலகாணி மறந்துட்டேன்டா" என்று அவளும் சொல்வாள். அதெல்லாம் முன்பு.

பார்க் காலியாக இருந்தது. பெரிய சிமெண்ட் கிண்ணம். அதைச் சுற்றிச் சமதளம். ஓரத்தில் ஒரு பெஞ்சு. சிமெண்டின் மேல் முழுக்கப் பனி படிந்து, ஒரு காலடிகூட இல்லாமல் மங்கலாக மின்னியது.

ஐந்து நாற்பத்தேழு. பலகையில் ஏறி நின்றாள். லேசாகச் சாய்ந்தாள்.

பலகை குழைந்து சாய்ந்தது.

இறங்கினாள். திருப்பிப்போட்டுப் பார்த்தாள். இரண்டு நட்டும் தளர்ந்திருந்தன. இரண்டு சுற்று.

அந்த நட்டுக்குள் நைலான் வளையம் உண்டு. ஆட்டத்தில் கழன்றுவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். விரலால் திருக முடியாது. தானாகத் தளரவும் தளராது. ராத்திரி இறுக்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. உள்ளங்கையில் ஸ்பேனர் அழுத்திய தடம்கூட இன்னும் போகவில்லை.

அழுத அழுகையில் மாற்றித் திருகியிருப்பேன் என்று நினைத்தாள். மறுபடி இறுக்கினாள். ஸ்பேனரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். வலது காலால் உந்தினாள்.

ம்ம்ம்...

சமதளத்தில் பாதி வட்டம் போனதும் காது எதையோ பிடித்தது. பின்னால் இன்னொரு முனகல். அதே மெத்தென்ற சக்கரச் சத்தம்.

காலைத் தரையில் தேய்த்து நின்றாள்.

பின்னால் கேட்ட சத்தமும் நின்றது. கொஞ்சம் தாமதமாக.

திரும்பினாள். யாரும் இல்லை.

எதிரொலி என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். பலகையைக் கிண்ணத்தின் விளிம்பில் விட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். ஐந்து ஐம்பத்திரண்டு.

கிர்க்.

கை நின்றது.

கிர்க்... கிர்க்...

ஸ்பேனர் நட்டில் திரும்பும் சத்தம். அரைச் சுற்றுக்கு ஒரு கிர்க். அவள் எண்ணினாள். நான்கு. ஒரு சின்ன இடைவெளி. மறுபடி நான்கு.

ஸ்பேனர் அவள் கையில்தான் இருந்தது.

நிமிர்ந்தாள். பலகை மல்லாந்து கிடந்தது. முன்சக்கரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடத்தான் நினைத்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள். பனியில் அவள் போன தடம் தெரிந்தது. இரண்டு கோடு. வலப்பக்கம் அவள் உந்திய ஷூ அடிகள்.

அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு.

ஷூ அடிகள் இடப்பக்கம்.

தம்பி இடது காலால்தான் உந்துவான்.

அவள் ஓடவில்லை. பலகையிடம் போனாள். தொட்டுப் பார்த்தாள். தளர்ந்திருந்தது. மூன்றாவது முறையாக இறுக்கினாள். இந்த முறை எதற்கென்று தெரிந்தே இறுக்கினாள். பலகையை நேராக வைத்தாள். பார்க்கின் சுற்றுச்சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ம்ம்ம்...

கிண்ணத்துக்குள் இறங்கியது. மறுபக்கம் ஏறியது. வளைந்தது. வேகமாக... இன்னும் வேகமாக...

நின்றது.

கிர்க்.

எட்டு வரைக்கும் எண்ணினாள்.

பிறகு எதுவுமே கேட்கவில்லை.

பிறகு மெதுவாக உருண்டு வந்து அவள் குதிகாலில் ஏதோ முட்டியது. உன் முறை என்று அவன் பலகையைத் தள்ளிவிடுவது இப்படித்தான்.

ஆறு நான்கு.

இறுக்கிக் கொடுத்தாள், ஓட்டினான். முடித்ததும் அவளுக்காகத் தளர்த்தி வைத்தான். அவன் வழக்கத்தை மறக்கவில்லை. மறந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் ஏறவில்லை. அங்கேயே பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் வந்தது. பனி காய்ந்தது. தடம் போய்விட்டது.

ஒன்பது ஐந்துக்கு ஒட்டடைக்குச்சி ஸ்கூட்டரில் வந்தான்.

"ஏறினீங்களாக்கா?"

"ஒரே ஒரு ரவுண்டு."

"அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு. நீ ஹெல்மெட் போடாம சுத்தறத நானும் உங்க அம்மாகிட்ட சொல்றேன்."

சிரித்தான். அவள் மடியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அன்னிக்கு இதுல நட்டு... நான்தான்..."

அவன் முடிக்க விடவில்லை.

"அக்கா, இது அந்த போர்டு இல்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"அது பள்ளத்துல போயிடுச்சு. ரெண்டு நாள் இறங்கித் தேடினோம். கிடைக்கல. அம்மா வேற 'அவன் போர்டு எங்கடா, போர்டு எங்கடா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நாங்க நாலு பேரு சேர்ந்து அதே மாதிரி ஒண்ணு வாங்கினோம். ரோட்டுல போட்டுத் தேச்சுப் பழசாக்கினோம். அவன் இதுல ஏறினதே இல்லக்கா."

"நட்டு?"

"நான்தான் மாட்டினேன். ரெண்டையும் நல்லா இறுக்கித்தான் குடுத்தேன். அவனுக்கு அப்படித்தானே வேணும்?"

"அன்னிக்கு அவன் ஏறும்போது பார்த்தியா? நட்டைக் கிட்டைத் திருகினானா?"

"நான் முன்னாடியே இறங்கிட்டேன்க்கா. அவன் கடைசி." அவன் குனிந்து பலகையின் ஓரத்தை விரலால் அழுத்தினான். அது குழைந்து சாய்ந்தது. "வீட்டுல இதை யாருக்கா வெளிய எடுத்தது?"

"யாரும் எடுக்கல. அம்மா தைச்ச தையல் அப்படியே இருந்துச்சு. நேத்து ராத்திரி நான்தான் பிரிச்சேன். பிரிக்கும்போதே தளர்ந்துதான் இருந்துச்சு."

அவன் கையை எடுத்துக்கொண்டான். சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு வேணாம்க்கா. நீங்களே வச்சுக்கோங்க."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அப்படியானால் சாட்சி இல்லை. உண்மையைச் சொல்லக்கூடிய நட்டு மலையடிவாரத்தில் எங்கோ துருப்பிடித்துக் கிடந்தது. இனி அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான்.

பையன்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கடகடவென்று கிண்ணம் நிறைந்தது. அவள் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரனின் நெற்றியில் வைப்பதுபோல. அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், பதினான்கு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"டேய்... அன்னிக்கு ஏறறதுக்கு முன்னாடி நட்டைப் பார்த்தியா? இல்ல, அக்கா வச்சிருப்பான்னு நம்பி அப்படியே ஏறிட்டியா?"