மாமாவின் இரண்டு டாக்டர்களும் மூன்றாவது மாத்திரையும்

"டாக்டர் எழுத்த டாக்டராலயே படிக்க முடியாது. நீ படிச்சிக் கிழிக்கப் போறியா?" என்று மாமா கேட்டார். அம்மாவின் தம்பி, புவனகிரியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அண்ணாமலை நகரில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆகவே டாக்டரின் கையெழுத்தை விட்டுவிட்டு, மாத்திரைப் புட்டிகளில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன்.

மாமாவுக்குக் காலும் முகமும் வீங்கியிருந்தன. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது, இதற்கு மேல் கெட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை என்று சிதம்பரம் டாக்டர் சொல்லியிருந்தார். பயந்துபோன மாமா கடலூரில் இன்னொரு டாக்டரையும் பார்த்தார். இருவருமே நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். பெயரும் வேறு வேறு. அடியில் பொடி எழுத்தில் இருந்த மருந்து மட்டும் ஒன்றேதான். மாமா பாரபட்சம் பார்க்காதவர். காலையில் சிதம்பரம், மாலையில் கடலூர். வீக்கம் வடிந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றி விழுந்தார்.

"கடலூர் டாக்டரப் பத்தி சிதம்பரம் டாக்டர்கிட்ட சொன்னீங்களா மாமா?"

"ஒரு வூட்ல பொண்ணு பாக்க ஒக்காந்துகினு, நேத்து இன்னொரு வூட்லயும் பாத்தேன்னு எவனாவது சொல்லுவானா? மரியாதன்னு ஒன்னு இருக்குதில்ல?"

அந்த மரியாதையை நான் கெடுத்தேன். எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு, மாமாவையும் அழைத்துப்போய், சிதம்பரம் டாக்டரின் மேசையில் பரப்பினேன். அவர் மாமாவின் காலைப் பார்ப்பதற்கு முன்பே கடலூர்ப் புட்டிகளை ஒதுக்கி, "இதெல்லாம் வேணாம்" என்றார். தன் பங்குக்கு ஒரு டானிக் எழுதினார். மறுவாரம் கடலூரில் சிதம்பரத்துப் புட்டிகள் ஒதுங்கின. அங்கேயும் ஒரு டானிக்.

பையின் அடியில் ஒரு பொட்டலம் தீண்டுவாரில்லாமல் கிடந்தது. முட்டிவலிக்காக மாமா மருந்துக் கடையில் தானே வாங்கி, வருஷக்கணக்காக வெற்றிலை போடுவதுபோல் போட்டுக்கொள்ளும் மாத்திரை. எந்த டாக்டரும் எழுதாததால், அதை ஒதுக்கவும் எவருக்கும் தோன்றவில்லை. நான் எடுத்துக் காட்டினேன். கடலூர் டாக்டர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தினம் போடுறாரா? மொதல்ல நிறுத்த வேண்டியது இதாம்மா. மிச்சம் இருக்கிற கிட்னியையும் தின்னுடும்."

வெள்ளையோ மஞ்சளோ, ஒன்று போதும் என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா என் பக்கம் முகத்தைக் காட்டவில்லை. "பஸ் சார்ஜ் குடுத்துப் போனா, இருக்கிற மருந்தப் புடுங்குறாரு. இவருல்லாம் ஒரு டாக்டரு! முட்டி வலிச்சா ஒன் பி.யு.சி.யா வந்து பெடல் மிதிக்கும்?"

வீட்டிலிருந்த பொட்டலங்களை அம்மா அடுப்பில் போட்டாள். அந்த மாத்திரை விற்கிற புவனகிரிக் கடைகளிலெல்லாம் நான் போய், மாமாவுக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் கொடுக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மாமா, சிதம்பரத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி, தன் கடையிலேயே நல்ல சைக்கிளாக ஒன்றை எடுத்துக் காற்றடித்து வைத்தார்.

அவர் மறுநாள் காலை பெடலில் கால் வைப்பதற்குள், நான் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேர்ந்து, கீழ வீதியில் முதல் மருந்துக் கடை எப்போது திறக்கும் என்று வாசலில் நின்றிருந்தேன்.