காருக்குள் பன்னீர்த் திராட்சை

கூலன்ட் ஒழுகுகிற வாசத்தைத் திராட்சை வாசம் என்று நம்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சை இழுத்து இழுத்து அனுபவித்தவன் இந்தத் தேனி மாவட்டத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போன வாரம் நண்பர் ஒருவரின் காரில் ஏறியதும் அதே தித்திப்பு மூக்கில் ஏறியது. "ஹீட்டர் ஒழுகுது, உடனே காட்டுங்க" என்றேன். பெரிய இன்ஜினியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் படித்த பள்ளிக்கூடம் அவருக்குத் தெரியாது.

என் முதல் கார், குமுளிக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழசு. அதில் ஹீட்டர் இருந்தது. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டரா என்று சிரித்தேனே தவிர, அந்தக் குமிழைத் தொட்டதில்லை. தொடாவிட்டாலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டிக்குள் இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் தண்ணி சூடாக ஓடிக்கொண்டேயிருக்கும் என்பது எனக்கெங்கே தெரியும்?

சுருளிப்பட்டியில் அக்காவுக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். போகும்போதெல்லாம் பெட்டி பெட்டியாக ஏற்றிவிடுவாள். ஆகவே காருக்குள் இனிப்பு வாசம் வந்தால் அது பழம். மிதியடி ஈரமானால் நசுங்கிய சாறு. முன்கண்ணாடியின் உள்பக்கம் பிசுக்காகப் புகை படிந்தால், ஏசி அவ்வளவு பிரமாதம். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பெருமை கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாமா போனபிறகு அக்கா தேவதானப்பட்டிக்கு என் வீட்டோடு வந்துவிட்டாள். மகன்கள் தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவர் பந்தலைப் பிரிக்கிற நாளைச் சொல்லியனுப்பினார். மாமாவும் அவளும் கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தல்.

"மத்தியானம் பிரிக்க வாராகளாம்டா. கொடி நிக்கையில ஒருக்கா பாத்துட்டு வந்துருவோம்."

காலையிலேயே கிளம்பினோம். வீரபாண்டி தாண்டியதும் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"பழமே ஏத்தல. வாசம் எங்கன இருந்துடா வருது?"

"சீட்டுல ஊறிப்போச்சுக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

சின்னமனூருக்கு முன்னால் ஏசி சூடாக ஊதியது. பிறகு பானட்டிலிருந்து ஆவி. சாலையோர ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மிதியடியைத் தொட்டு விரல்களைத் தேய்த்தார்.

"ஏசித் தண்ணின்னா பச்சத்தண்ணியா இருக்கும் சார். இது ஒட்டுது பாருங்க. ஹீட்டர் கூலன்ட்டு. வாசமே அடிக்கலயா? எத்தன மாசமா மோந்துக்கிட்டிருந்தீக?"

அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை மெல்ல இறக்கினாள்.

இன்ஜின் ஆறவேண்டும் என்றார். ஹீட்டருக்குப் போகிற ரெண்டு ரப்பர் ஹோஸையும் ஒன்றோடொன்று மாட்டி, ஹீட்டரை ஒதுக்கிவிட்டால் ஊர் போய்ச் சேரலாம், பத்தே நிமிஷம் என்றார். அந்தப் பத்து நிமிஷம் முடிவதற்குள் வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்துவிட்டது. அக்கா புளியமரத்தடியில் நின்றாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

நாங்கள் போனபோது பந்தல் இல்லை. கம்பி சுருள் சுருளாகக் கிடந்தது. கொடிகள் தரையில், இலை பச்சையாகவே. ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் வாடக்கூட இல்லயே" என்றாள் அக்கா.

"இப்பத்தான ஆத்தா வெட்டுனோம்" என்றான் ஒருவன், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அவள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். போலாம் என்றாள்.

அங்கே இப்போது வெள்ளையடித்த கல் நட்ட பிளாட்டுகள். காரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த நாளில் மிச்சம் இருப்பதெல்லாம், திரும்பும் வழியில் நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தபோது, சாலையைப் பார்த்தபடியே அவள் சொன்னதுதான்.

"பேசாம நான் கம்பம் பஸ்ஸுல வந்திருக்கலாம்டா."