அழுகண்ணிக்குப் போட்ட எறும்பு

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லையோர நகரி எந்த மாநிலத்துக்கு என்று பெரியவர்கள் இன்னும் இழுபறியில் இருந்த காலம். அங்கே ஒரு பள்ளியில் தமிழ் வகுப்புக்கு நான் டீச்சர்; ஊரார் தெலுங்கில் 'பந்துலம்மா' என்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் அடிக்கடி பயமுறுத்துவார். புத்தகப் படத்தைக் காட்டிச் செடிகளைப் பற்றி நடத்துவது எனக்குப் பிடிக்காது. படத்துச் செடி வளராது, வாடாது, பிள்ளைகளும் கொட்டாவி விடுவார்கள். அதனால் வினோதமான செடி எங்கே கிடைத்தாலும் கொண்டுவந்து வகுப்பு ஜன்னலில் வைப்பேன்.

திருப்பதி மலையடியில், அலிபிரிப் பக்கம், மழைநீர் கசியும் பாறையடியில் அழுகண்ணிச் செடி கிடைத்தது. காலணா அகலம்தான். இலையெல்லாம் சிவந்த மயிர், ஒவ்வொரு நுனியிலும் பிசினாக ஒரு துளி. எறும்பு ஒட்டினால் மயிர்கள் மெல்ல வளைந்து மூடிக்கொள்ளும். அதன் மண்ணில் சத்து கிடையாது, பாவம், அதனால் பூச்சியைத் தின்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன்.

நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்திக்கு அந்தச் சட்டியை விட்டு நகர மனசே வராது. சரியான வாயாடி. வாசல் கோலத்தில் அரிசி மாவு தின்ன வரும் எறும்புகளைத் தீப்பெட்டியில் பிடித்துக்கொண்டு வருவாள். யாரும் சொல்லி அல்ல, அவளாகவே. "துன்னு, துன்னு" என்று செடியைக் கெஞ்சுவாள்.

மாசியில் ஊருக்குள் அம்மை வந்தது. அந்தப் பெண் போய்விட்டாள்.

சில நாள் கழித்துத் துக்கம் கேட்கப் போனேன். வாசலிலிருந்து தெருவரைக்கும் அரிசி நொய் இறைந்துகிடந்தது. அவள் அம்மா குந்தி உட்கார்ந்து இன்னும் இறைத்துக்கொண்டிருந்தாள். தறி ஓடவில்லை. அடுப்பு எரியவில்லை. சின்ன மகள் பசியில் அழுது ஓய்ந்து சுவரோரம் கிடந்தாள்.

"கோலம் போடறதே எறும்பு துன்னட்டும்னுதான், பந்துலம்மா. அந்த எறும்பப் புடிச்சிக்கினு வந்து செடிக்குப் போட்டுக்கினு இருந்துகிறா. வாயில்லா ஜீவன் பாவம் சும்மா உடுமா? எங்க போயி என்னா பாடு படறாளோ எம் பொண்ணு."

அம்மை எத்தனையோ வீட்டுக்கு வந்தது, எறும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். செத்த பிள்ளையை நரகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். என்னால் தாங்க முடியவில்லை. ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

"அவளாப் போடலம்மா. நான்தான் போடச் சொன்னேன். மாட்டேன்னு அழுதா. அடிப்பேன்னு மிரட்டினேன்" என்றேன். பச்சைப் பொய்.

நொய் இறைத்த கை நின்றது.

"அப்போ அந்தப் பாவம் உன்னுதா?"

"என்னுதுதான்."

எழுந்து உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

மறுநாளே சின்னவளை என்னிடம் அனுப்பாமல் தெலுங்கு வகுப்பில் சேர்த்தாள். அந்தத் தெருவே அவள் பின்னால் போனது. தமிழ் வகுப்பை மூடினார்கள், என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெட்டியோடு பஸ்ஸுக்கு நடந்தபோது அவள் எதிரே வந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி என் மேல் தூற்றினாள்.

தூற்றட்டும். மகள் மேல் ஒரு பாவமும் இல்லை என்று நம்பிவிட்டாள்.