ஆறாவது விசில்

அந்தக் குக்கரின் அடிப்பாகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தார் ஊற்றிக் காயவைத்ததுபோலக் கரி பிடித்திருந்தது. ஓரத்தில் மட்டும் நாலைந்து பருப்பு தங்கள் மஞ்சள் நிறத்தை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. காலை ஏழு மணிக்கு அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து என் கதவைத் தட்டியவர் எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. "நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். என்ன ஆச்சுன்னு நீயே பாரு" என்று பையை நீட்டினார். ஏதோ நான்தான் அவர் சமையலறைக்குள் புகுந்து தீய்த்துவிட்டு வந்ததுபோல இருந்தது அந்தக் குரல். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. தலை வாரிக்கொண்டிருந்த நான் சீப்பை வீசி எறியாததுதான் மிச்சம்.

அரூரில் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் அவரும் மாடியில் நானும் வாடகைக்கு இருந்தோம். நான் பாப்பாரப்பட்டிக்காரி. அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வந்து இரண்டாவது வருடம். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடமாக அவருடைய அக்காதான் கூடவே இருந்து ஆக்கிப் போட்டிருக்கிறார். அந்த அக்கா பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூருக்குப் போனதும் இவருக்குச் சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. மூன்று மாதம் ஓட்டலில் பார்சல் வாங்கிச் சாப்பிட்டார். வயிறு எரிந்தது, ரத்த அழுத்தம் ஏறியது. வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் மதிய இடைவேளையில் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தார். "தினமும் இதே சாப்பாடுதானே கொண்டு வர்ற? அப்ப ஈசியாத்தான் இருக்கும். எனக்குச் சொல்லிக் குடு."

அது பருப்பு சாதம். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பதுதான் உண்மை. பெண் என்றால் சமையல் தெரிந்தே பிறக்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியபிறகு பசிக்காகக் கற்றுக்கொண்ட ஒரே சாப்பாடு அது. அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் கழுவிப் பத்து நிமிடம் ஊறப்போட வேண்டும். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம் பொரிந்ததும் எட்டுச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு தக்காளி. தக்காளி குழைந்ததும் மஞ்சள்தூள், ஒரு கரண்டி சாம்பார் தூள், உப்பு. பிறகு இரண்டரை டம்ளர் தண்ணீர். கொதித்ததும் ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு மூடி, மிதமான தீயில் மூன்று விசில். ஆவி தானாக அடங்கியதும் திறந்து ஒரு கரண்டி நெய். அவ்வளவுதான். ஒரே பாத்திரம், ஒரே வேலை. இதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார்.

நான் பக்கத்தில் நின்றால் சாதம் பொலபொலவென்று இல்லாமல் குழைந்து, வாசனையாக வந்தது. அவர் தனியாகச் செய்தால் தீய்ந்தது. என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தண்ணீரை அளந்தீர்களா என்றால் அளந்தேன் என்பார். தீயைக் குறைத்தீர்களா என்றால் குறைத்தேன் என்பார். மூன்று விசிலில் நிறுத்தினீர்களா என்றால் மட்டும் கோபம் வரும். "உன் குக்கர் விசில் அடிக்கும், என் குக்கர் அடிக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?" கேஸ்கட்டை மாற்றினோம். வெயிட்டை மாற்றினோம். கடைசியில் புதுக் குக்கரே வாங்கினார். அதுவும் முதல் வாரமே கருகியது. இவ்வளவு பெரிய பள்ளியை நடத்துகிற மனுஷிக்கு மூன்று வரை எண்ணத் தெரியாதா என்று எனக்குள் பொருமினேன். வேண்டுமென்றே தீய்க்கிறார், நானே ஆக்கிப் போட வேண்டும் என்பதுதான் திட்டம் என்று ஒரு நாள் முடிவுக்கே வந்துவிட்டேன்.

முடிவுக்கு வந்து என்ன பயன்? பட்டினி கிடப்பவரைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. என் குக்கரிலேயே அளவைக் கூட்டி, இரண்டு டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் எல்லோர் முன்னாலும், "மேடத்துக்கு நீதான் சமையலாமே? அடுத்த புரமோஷன் உனக்குத்தான்" என்று சிரித்தார். அன்றைக்கு என் டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டேன்.

அதே நாட்களில்தான் அந்தச் சிறுமியின் விஷயமும் நடந்தது. சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கி என் வகுப்பில் படித்தவள். நூல்போன்ற மெல்லிய குரல். தலைமை ஆசிரியைக்கு அப்படிப் பேசும் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. "வாயில என்ன கொழுக்கட்டையா? தொறந்து பேசு" என்பார். ஒரு நாள் நான் வருகைப் பதிவேட்டுடன் அவர் அறையில் நின்றபோது அவள் உள்ளே வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, மூன்று முறை தன் விஷயத்தைச் சொன்னாள். தலைமை ஆசிரியை, "கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது. திமிரப் பாரு. போய் வெளிய நில்லு" என்றார். சாயங்காலம் வரை அவள் வராந்தாவில் நின்றாள். மறுநாள் விடுதியில் இல்லை. ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. கல் மனசு என்று அவரை மனதுக்குள் திட்டினேன். அன்றும் டப்பாவில் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இன்னிக்கு நானே செய்யறேன். நீ உள்ள வராத, முன்னாடி உட்காரு" என்றார். நான் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் விசில் வந்தது. இரண்டு. மூன்று. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்கவில்லை. வரட்டும், இன்றைக்கு நான் எழுந்து போகப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்கு. ஐந்து. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் உள்ளே ஓடினேன். அடுப்புக்கு ஒரு கை தூரத்தில், அதற்கு முதுகைக் காட்டி நின்று, நிதானமாக மறுநாளைக்கான பூண்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அஞ்சு விசில் ஆச்சுங்க!" என்று கத்தினேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்ப அடிச்சுது?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவது விசில் வந்தது. சின்ன சமையலறை. என் காது கூசியது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஏன் இப்படி முழிக்கற? எப்ப அடிச்சுதுன்னு கேக்கறேன்ல?" என்றார். நான் கையை நீட்டி அடுப்பை அணைத்தேன். என் கை போன இடத்தையும், மூடியைச் சுற்றி இன்னும் படர்ந்துகொண்டிருந்த ஆவியையும், என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நீ மேல போ. நாளைலருந்து சாப்பாடும் வேணாம்" என்றார்.

மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் மாலை அவரே மாடிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தருமபுரிக்குப் போய்க் காதைக் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். பேச்சு ஓரளவு கேட்கிறதாம், அதிலும் என்னைப்போல் உரக்கப் பேசுபவர்களின் பேச்சு. மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போய்விட்டனவாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரியவில்லையாம். "இந்தக் காலத்துப் புள்ளைங்கதான் முணுமுணுக்குதுங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சித்தேரிப் புள்ள ஒண்ணு இருந்துச்சே" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

அதன்பிறகு குக்கரை விட்டுவிட்டோம். அடிகனமான பாத்திரத்தில் தண்ணீரைக் கூட்டி வைத்து, தட்டால் மூடி, அவ்வப்போது திறந்து கிளறிக் கண்ணால் பார்த்தே வேகவைக்கச் சொன்னேன். துவரம்பருப்புக்குப் பதில் சீக்கிரம் வேகும் பாசிப்பருப்பு. முதல் நாளே நன்றாக வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். நான்கு மாதம் கேஸ்கட்டையும் வெயிட்டையும் சந்தேகப்பட்டோமே தவிர, அந்த அம்மாவை ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்ற எரிச்சல் எனக்கு இன்றும் போகவில்லை.

காதுக்கு மெஷின் வந்த வாரம், சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு சித்தேரிக்குப் பஸ் ஏறினார். வீட்டைக் கண்டுபிடித்தோம். சிறுமியின் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு எழுந்து, "வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க" என்றார். மகளைத் திருவண்ணாமலைப் பக்கம் சித்தி வீட்டில் விட்டிருப்பதாகவும், அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். எங்கள் மேல் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்க நல்லாப் படிக்குதுங்க. டீச்சருங்க பக்கத்துல வந்து, குனிஞ்சு கேக்கறாங்களாம். பாப்பா சொல்லுச்சு" என்றார்.

தலைமை ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதும்மா. எனக்குக் காது கேக்கல. புள்ளகிட்ட சொல்லுங்க" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

ஓய்வு பெற்றுப் பெங்களூருக்குப் போய்விட்ட தலைமை ஆசிரியை இப்போது அக்காவுக்கும் சேர்த்துச் சமைக்கிறாராம். போனில் உற்சாகமாகத்தான் பேசுகிறார். நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். மெல்லப் பேசும் பிள்ளை ஒன்று யார் முன்னால் நின்றாலும் அருகே போய், அது சொல்வதை நான் உரக்கத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சித்தேரியிலிருந்து இறங்கிய அந்தப் பஸ்தான் நினைவுக்கு வருகிறது.

வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மலை இறங்கி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு அந்தப் புள்ள எங்கிட்ட என்ன கேட்டுச்சு?"

"அம்மாவுக்குக் காய்ச்சல், தம்பியப் பாத்துக்க ஆளில்ல, ரெண்டு நாள் லீவு குடுங்க மேடம்னு கேட்டுச்சுங்க."

"மூணு தடவையும் அதேதானா?"

"ஆமாங்க."

"உனக்கு நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க, மேடம்" என்றேன்.